கிம் டூ-ஹான்: சியோல் தெருவின் தாதா நாடாளுமன்ற உறுப்பினரான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த கிம் டூ-ஹான்?

1918 மே 15-ல் சியோலில் பிறந்தவர். கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலம் அது. பதின்ம வயதில் ஜோங்னோ கடைவீதியின் ரவுடிக் கூட்டத்துக்குள் வந்து, இருபதைத் தொடும் முன்பே அந்த வட்டாரத்தின் தலைவரானார். விடுதலைக்குப் பிறகு கம்யூனிச எதிர்ப்பு அடிதடிப் படைக்குத் தலைமை தாங்கினார். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பினார். இரண்டு முறை நாடாளுமன்றம் போனார். இரண்டாவது முறை, சபைக்குள்ளேயே அமைச்சர்கள் மீது மலத்தை வீசிவிட்டுச் சிறைக்குப் போனார். 1972 நவம்பர் 21-ல், 54 வயதில், ரத்த அழுத்தத்தால் இறந்தார்.

கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் எப்படியாவது ஒருநாள் எதிர்ப்படும். அதில் வரும் கிம் டூ-ஹான் பாதி நிஜம், பாதி கதை. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பக்கத்தின் வேலை.

அவருடைய அப்பா பெரிய விடுதலை வீரர் என்கிறார்களே?

தளபதி கிம் ஜ்வா-ஜின். கொரியர்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் பெயர். 1920 அக்டோபரில் மஞ்சூரியாவின் சிங்ஷான்லி பகுதியில் ஜப்பானியப் படையை எதிர்த்து நடந்த போரில் கொரிய விடுதலைப் படைகளை நடத்தியவர்களில் முக்கியமானவர். 1930 ஜனவரி 24-ல், மஞ்சூரியாவில் தான் நடத்திவந்த நெல் அரவை ஆலையில், ஒரு கொரியக் கம்யூனிஸ்ட் இளைஞனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1962-ல் தென் கொரிய அரசு அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த விடுதலை வீரர் விருதை வழங்கியது.

டூ-ஹான் அவருடைய மனைவிக்குப் பிறந்தவர் அல்ல. சியோலில் இருந்த வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவர். அதனால் "இவர் உண்மையிலேயே தளபதியின் மகன்தானா?" என்ற கேள்வி அவர் உயிரோடு இருக்கும்போதே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. குடும்பம் அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்களும் விடுவதாக இல்லை.

என் பார்வையில், ரத்த உறவைவிட ஜோங்னோவில் எல்லோரும் அதை நம்பினார்கள் என்பதுதான் பெரிய விஷயம். "தளபதியின் மகன்" என்ற பட்டம் இல்லாவிட்டால் அவர் இன்னொரு வீதி ரவுடி, அவ்வளவுதான். அந்தப் பட்டம்தான் பிறகு ஓட்டாகவும் மாறியது.

சின்ன வயதில் பிச்சை எடுத்தாரா?

அப்படித்தான் அவர் சொன்னார். சியோல் நகரின் நடுவே ஓடும் சோங்க்யேசோன் ஓடையில் ஒரு பாலத்துக்கு அடியில், பிச்சைக்காரச் சிறுவர்களோடு வளர்ந்ததாகச் சொல்வார். அந்த நாளில் ஓடைக்கரையில் ஏழைகள் குடிசை போட்டு வாழ்ந்தது உண்மை. பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இல்லை. அதை அவர் மறைத்ததே கிடையாது. நாடாளுமன்றத்தில்கூட "நான் படிக்காதவன்" என்று ஆரம்பித்துத்தான் பேசுவார். அப்படி ஆரம்பித்தால் அடுத்து எதையும் பேசலாம் அல்லவா!

ஜோங்னோ ஏன் அவ்வளவு முக்கியம்?

அன்றைய சியோல் வரைபடத்தைப் பார்த்தால்தான் இது புரியும். சோங்க்யேசோன் ஓடை நகரை இரண்டாக வெட்டியது. தெற்கே ஜப்பானியர்கள் குடியேறினார்கள். ஹொன்மாச்சி என்று அவர்கள் அழைத்த இன்றைய சுங்முரோ பகுதியில் மின்விளக்கு, பளபளப்பான கடைகள், வங்கிகள் எல்லாம் வந்தன. வடக்கே ஜோங்னோ, கொரிய வியாபாரிகளின் தெரு. திரையரங்கு, மதுக்கடை, துணிக்கடை, கிசேங் என்னும் ஆடல் மகளிர் இருந்த விருந்து இல்லங்கள் எல்லாம் அங்கே இருந்தன.

ஆக, ஜோங்னோவைக் கையில் வைத்திருந்த கூட்டம் கொரியர்களின் கூட்டம், ஹொன்மாச்சியைக் கையில் வைத்திருந்தது ஜப்பானியர்களின் கூட்டம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். கிம்மின் கூட்டம் 'உமிக்வான்' என்ற திரையரங்கைச் சுற்றித்தான் இயங்கியது. பிழைப்பு எப்படி? கடைக்காரர்களிடம் மாமூல், தகராறு தீர்த்து வைப்பதற்குக் கூலி, திரையரங்கு வாசலில் ஆதிக்கம். எல்லா ஊர் தாதாக்களுக்கும் உள்ள அதே வருமானம்.

அப்படியானால் அவர் ஜப்பானிய ரவுடிகளிடமிருந்து கொரிய வியாபாரிகளைக் காப்பாற்றினார் என்பது?

திரைப்படங்கள் நன்றாக வளர்த்துவிட்ட பகுதி இது. மோதல்கள் நடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்க் கூட்டத்தின் தலைவராகக் காட்டப்படும் 'ஹயாஷி' உண்மையில் ஒரு கொரியர். பெயர் சொன்வூ யோங்-பின். ஜப்பானியப் பெயரோடு திரிந்தார், அவ்வளவே. இந்த ஒரு தகவலே "கொரியனுக்கும் ஜப்பானியனுக்கும் நடந்த சண்டை" என்ற கதையை ஆட்டம் காண வைத்துவிடுகிறது. இடத்துக்காகவும் வருமானத்துக்காகவும் நடந்த தெருச் சண்டைக்குப் பின்னாளில் தேசபக்தி வர்ணம் பூசப்பட்டது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில், ஜப்பானிய அரசின் போர் முயற்சிக்கு உதவும் 'தன்னார்வ' வேலைப்படை ஒன்று இந்தத் தெருக் கூட்டத்தாரைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. கிம்மும் அதில் இருந்தார். கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகாமல் என் பையன்களைக் காப்பாற்ற அதுதான் வழி என்பது அவர் தரப்பு நியாயம். இருக்கலாம். ஆனால் 'எதிர்ப்பு வீரன்' சித்திரத்தில் இந்தக் காட்சியைப் பொதுவாக யாரும் சேர்ப்பதில்லை.

விடுதலைக்குப் பிறகு என்ன ஆனது?

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. சியோலில் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒருவரை ஒருவர் வீதியில் அடித்துக்கொண்டார்கள். கைபலம் உள்ளவனுக்கு இரண்டு பக்கமும் கிராக்கி. அப்போது கிம்முக்கு வயது 27.

முதலில் அவர் சாய்ந்தது இடது பக்கம். பழைய தெருக் கூட்டாளிகள் சிலர் அங்கே இருந்தார்கள். பிறகு திடீரென்று வலது பக்கம் தாவினார். அப்பாவைக் கொன்றது கம்யூனிஸ்ட் என்று ஒருவர் எடுத்துச் சொன்னதுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம். அந்தக் கோபம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணமும் ஆயுதமும் போலீஸின் கண்டுகொள்ளாமையும் எந்தப் பக்கம் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எல்லாம் வலது பக்கம்தான்.

'கொரிய ஜனநாயக இளைஞர் கூட்டமைப்பு' என்ற வலதுசாரி அமைப்பின் அடிதடிப் பிரிவு அவர் கைக்கு வந்தது. அதன் தலைவர் யூ ஜின்-சான், பின்னாளில் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரானவர். 1946 செப்டம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. அதை உடைக்க சியோலின் யோங்சான் ரயில் பணிமனைக்குள் போலீஸோடு வலதுசாரி இளைஞர்களும் புகுந்தார்கள். கிம்மின் ஆட்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள். அதை அவர் கடைசிவரை பெருமையாகவே பேசினார். அடிபட்ட தொழிலாளர்களின் பக்கக் கதை எந்தத் தொடரிலும் நீளமாக வரவில்லை.

தூக்குத் தண்டனை வரை போன வழக்கு எது?

1947 ஏப்ரலில் அவருடைய ஆட்கள் இடதுசாரி இளைஞர்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு போய் அடித்துச் சித்திரவதை செய்தார்கள். உயிர்ப்பலியில் முடிந்தது. இறந்தவர்களில் ஒருவர் கிம்மின் பழைய கூட்டாளி.

கைது செய்தார்கள். வழக்கு கொரிய நீதிமன்றத்துக்கு வந்தபோது வெறும் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். ஆம், கொலை நடந்த வழக்கில் அபராதம்! ஊரே முணுமுணுத்தது. அமெரிக்க ராணுவ நிர்வாகம் அந்தத் தீர்ப்பை ஏற்காமல் வழக்கைத் தன் ராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றியது. 1948-ல் அங்கே அவருக்குத் தூக்குத் தண்டனை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கொரியக் குடியரசு பிறந்தது, சிங்மான் ரீ அதிபரானார். கம்யூனிஸ்டுகளை அடித்தவனைத் தூக்கில் போடப் புதிய அரசுக்கு மனமில்லை. கிம் வெளியே வந்தார்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். அவரைப் போற்றுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைத் "தீவிரமான காலம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களும் கொரியர்கள்தான்.

ரவுடிக்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

1954 மே 20-ல் நடந்த மூன்றாவது நாடாளுமன்றத் தேர்தல். ஜோங்னோ தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். கொரியப் போர் நின்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. நகரம் இடிந்து கிடந்தது, கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்தது. அந்தச் சூழலில் அவருடைய பழைய வழக்கே ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. அதோடு தளபதியின் மகன் என்ற பெயர், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம், தன் சொந்த வட்டாரம். தேர்தலில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

சபைக்குள் எப்படி நடந்துகொண்டார்?

யாரும் எதிர்பார்க்காத மாதிரி. சிங்மான் ரீயால் உயிர் பிழைத்தவர், ரீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1954 நவம்பரில் வந்தது சோதனை. ரீ வாழ்நாள் முழுக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட வழி செய்யும் அரசியல் சட்டத் திருத்தம். மொத்த உறுப்பினர்கள் 203, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கணக்குப் போட்டால் 135.33. ஆதரவாக விழுந்தது 135. தோற்றுவிட்டது என்று 27-ஆம் தேதி அறிவித்தார்கள். இரண்டே நாளில், "அரைக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடலாம், 135 போதும்" என்று சொல்லி நிறைவேறியதாக மாற்றி அறிவித்தார்கள்! கொரிய அரசியலில் இன்றும் கேலியாகச் சொல்லப்படும் கணக்கு இது. அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் கிம்மும் ஒருவர்.

ஆளுங்கட்சியோடு ஒட்டாமல் நின்றதற்கு விலை இருந்தது. 1958 தேர்தலில் தோற்றார்.

அதே காலத்து மற்ற தாதாக்கள் என்ன ஆனார்கள்?

நல்ல கேள்வி. கிம்மைப் புரிந்துகொள்ள லீ ஜோங்-ஜேவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ('ஸ்க்விட் கேம்' நடிகரின் பெயரும் கொரிய எழுத்தில் இதேதான். ஆள் வேறு, உறவும் கிடையாது.) லீ ஜோங்-ஜே தோங்தேமுன் சந்தையின் தாதா. 1950-களில் ஆளுங்கட்சியான லிபரல் கட்சியின் அடியாள் படையே அவருடைய கூட்டம்தான். 1957 மே மாதம் சியோலின் சாங்சுங்தான் பூங்காவில் நடந்த எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குள் அந்த ஆட்கள் புகுந்து மேடையை நாசம் செய்தார்கள்.

1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சி, ரீ பதவி விலகினார். 1961 மே 16-ல் ராணுவப் புரட்சி. அதை நடத்திய பார்க் சுங்-ஹீயின் ஆட்கள் ரவுடிகளைப் பிடித்து, "நான் ரவுடி. மக்களின் தீர்ப்பை ஏற்கிறேன்" என்ற பேனரோடு சியோல் வீதியில் ஊர்வலமாக நடக்க வைத்தார்கள். முன்வரிசையில் லீ ஜோங்-ஜே. அந்த அக்டோபரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். சினிமா உலகையே மிரட்டி வைத்திருந்த இம் ஹ்வா-சூவுக்கும் டிசம்பரில் அதே முடிவு.

கிம் அந்த ஊர்வலத்தில் இல்லை. அவர் நல்லவர் என்பதாலா? இல்லை. 1954-லேயே ஆளுங்கட்சியின் பக்கத்திலிருந்து விலகிவிட்டார், ரீயின் ஆளாக இருக்கவில்லை, அதனால் ரீயோடு விழவும் இல்லை. கொள்கையா, அதிர்ஷ்டமா என்றால் இரண்டும் கலந்தது என்பேன்.

அந்த மலம் வீசிய சம்பவத்தை முழுதாகச் சொல்லுங்கள்.

இதற்குத்தானே பாதிப் பேர் வந்திருப்பீர்கள்! சரி, விவரமாகவே பார்ப்போம்.

முதலில் பின்னணி. 1965-ல் பார்க் சுங்-ஹீ அரசு ஜப்பானோடு உறவைச் சீராக்கும் ஒப்பந்தம் போட்டது. அதை எதிர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் பதவியை விட்டார்கள். காலியான இடங்களுக்கு நவம்பரில் இடைத்தேர்தல். சியோலின் யோங்சான் தொகுதியில் கொரிய விடுதலைக் கட்சியின் சார்பில் கிம் ஜெயித்தார். இருபது வருடத்துக்கு முன் வேலைநிறுத்தத்தை உடைத்தாரே, அதே யோங்சான்.

அடுத்தது சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு. சாம்சங் குழுமம் உல்சானில் பெரிய உரத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானின் மிட்சுய் நிறுவனம் கடன் கொடுத்தது. 1966 மே மாதம், கட்டுமானப் பொருள் என்ற பெயரில், சாக்கரின் செய்யும் மூலப்பொருள் சுமார் 55 டன் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. சர்க்கரை எட்டாத விலையில் இருந்த நாட்டில் சாக்கரினுக்கு நல்ல லாபம். கள்ளத்தனமாக விற்கும்போது அகப்பட்டார்கள். சுங்கத்துறை அபராதம் போட்டு விஷயத்தை அமுக்கப் பார்த்தது. செப்டம்பர் 15-ல் கியோங்யாங் நாளிதழ் அதை உடைத்துப் போட, நாடே கொதித்தது. நாட்டின் முதல் பணக்காரன் கள்ளக்கடத்தல் செய்கிறான், அரசு வேடிக்கை பார்க்கிறது என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 22. பிரதமர் சுங் இல்-க்வானும் துணைப் பிரதமர் சாங் கி-யோங்கும் மற்ற அமைச்சர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்க, கேள்வி கேட்க எழுந்தார் கிம். மேடையில் பக்கத்திலேயே ஒரு டப்பாவை வைத்துக்கொண்டார். வழக்கம்போல், தான் படிக்காதவன், பேசத் தெரியாதவன் என்று ஆரம்பித்தார். முதலாளிகளைக் காப்பாற்றும் இந்த அமைச்சர்களைக் குற்றவாளிகளாகவே பார்க்கிறேன் என்றார். இது மக்கள் உங்களுக்குக் கொடுக்கும் சாக்கரின், கொஞ்சம் ருசி பாருங்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து அமைச்சர்கள் வரிசையின் மேல் வீசினார். உள்ளே இருந்தது மலம்.

அதை அவர் எடுத்து வந்த இடம் பகோடா பூங்காவின் பொதுக் கழிப்பறை. இன்று அதைத் தப்கோல் பூங்கா என்கிறார்கள். 1919 மார்ச் 1-ல் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்ட அதே பூங்கா, ஜோங்னோவில், அவருடைய பழைய பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வீசியதில்லை இது. இடத்தைக்கூடப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

வீசியதால் ஏதாவது நடந்ததா?

நிறைய. அமைச்சரவை முழுவதும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. அதே நாளில் சாம்சங் நிறுவனர் லீ ப்யுங்-சுல், உரத் தொழிற்சாலையை நாட்டுக்கே கொடுத்துவிட்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவருடைய இரண்டாவது மகன் லீ சாங்-ஹீ சிறைக்குப் போனார். 1967-ல் கட்டி முடிந்த தொழிற்சாலை அரசுக்குப் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து மூத்த மகன் லீ மெங்-ஹீ தன் நினைவுகளை எழுதியபோது, கடத்தல் அரசுக்குத் தெரிந்தே நடந்தது என்று போட்டு உடைத்தார்.

தொழிற்சாலை கைமாறியதற்கு டப்பாதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு வாரமாகவே நெருக்கடி முற்றியிருந்தது. ஆனால் ஊரில் பேசிக்கொண்டிருந்த ஆத்திரத்துக்கு அந்த டப்பா ஒரு உருவம் கொடுத்தது. சபையின் மானம் போச்சு என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், வெளியே பலர் உள்ளுக்குள் கைதட்டினார்கள்.

கிம்? சில நாட்களில் பதவியை ராஜினாமா செய்தார், கைதாகிச் சிறைக்குப் போனார். அதோடு அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது.

அப்படியானால் இத்தனை கதையும் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே. 1969 கடைசியில் தொங்-ஆ வானொலியில் தன் வாழ்க்கையைத் தொடராகப் பேசினார். நல்ல கதைசொல்லி. கரகரத்த குரல், தயக்கமே இல்லாத பேச்சு, ஒவ்வொரு சண்டையிலும் அவரே ஜெயிப்பார். அந்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. பின்னால் வந்த நாவல், படம், தொடர் எல்லாமே அந்தக் குரலிலிருந்து கிளைத்தவைதான்.

அதனால் என் அளவுகோல் எளிமையானது. நீதிமன்றமும் நாடாளுமன்றமும் பத்திரிகையும் பதிவு செய்தவை ஒரு பக்கம்: 1947 வழக்கு, 1954 தேர்தல், 1966 செப்டம்பர். பாலத்தடி வாழ்க்கை, ஒரே ஆளாகப் பத்துப் பேரை அடித்தது எல்லாம் மறுபக்கம். முதல் பக்கமே போதுமான அளவு விசித்திரமாக இருக்கிறது.

குடும்பம்?

மகள் கிம் உல்-தோங் நடிகை. 2008-லும் 2012-லும் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவருடைய மகன் சோங் இல்-கூக், 'ஜுமோங்' தொடரின் நாயகன். அவருடைய மூன்று பையன்கள் தேஹான், மின்கூக், மன்சே. ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரும் 'சூப்பர்மேன்' அப்பாக்கள் நிகழ்ச்சியில் வந்து கொரியாவையே மயக்கியவர்கள். மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்னால் "கொரியக் குடியரசு வாழ்க" என்று வரும். கொள்ளுத்தாத்தாவுக்குப் பிடித்திருக்கும்.

படமாகப் பார்க்க வேண்டுமென்றால்?

இம் க்வான்-தேக் இயக்கிய 'தளபதியின் மகன்' 1990-ல் வந்தது, பிறகு இரண்டு பாகங்கள் தொடர்ந்தன. இளமைக் காலச் சண்டைகள் மட்டும். 2002-03-ல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'யாயின் சிதே' 124 பகுதிகள். முதல் பாதியில் ஆன் ஜே-மோ, பின்பாதியில் கிம் யோங்-சோல். அரசியல் பகுதி பின்பாதியில்தான் வருகிறது. பொறுமை இருந்தால் அதைப் பாருங்கள், ஆனால் இடதுசாரிகளை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

"சா டல்லா!" என்று கொரியர்கள் கத்துவது இவரைத்தானா?

தொடரில் வரும் இவரை. கூலித் தகராறில் அமெரிக்க அதிகாரி என்ன சொன்னாலும் "சா டல்லா", அதாவது "நாலு டாலர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காரியத்தைச் சாதிக்கும் காட்சி அது. பல வருடம் கழித்து இணையத்தில் மீமாகப் பரவி, 2019-ல் பர்கர் கிங் கிம் யோங்-சோலையே கூட்டிவந்து அதே வசனத்தோடு விளம்பரம் எடுத்தது.